கார் ஸ்பீக்கருக்கு வீட்டில் பெட்டி அடித்த கதை

பத்து வருடம் ஓட்டிய ஸ்விஃப்டை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போனபோது, மதிப்புப் போட வந்தவர் ஸ்டீரியோ, ஸ்பீக்கருக்கெல்லாம் தனியாக ஒரு பைசா கிடையாது என்று சொல்லிவிட்டார். சரி, அப்படியானால் அது என்னுடையது என்று முந்தின நாள் ராத்திரியே உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றினேன். முன் கதவுகளில் இருந்த ஆறரை இஞ்ச் வட்ட ஸ்பீக்கர் இரண்டு, பின்னால் பார்சல் டிரேயில் இருந்த ஆறுக்கு ஒன்பது ஓவல் இரண்டு, டேஷ்போர்டில் இருந்த ஸ்டீரியோ. காரோடு வந்த பழைய ஸ்டீரியோவும் ஸ்பீக்கர்களும் பரணில் தூங்கிக்கொண்டிருந்தன, அவற்றைப் பழைய இடத்திலேயே திருப்பி மாட்டிவிட்டேன். நான் ஒன்றும் திருடவில்லை என்பதற்காக இதையும் எழுதி வைக்கிறேன்.

மறுநாளே ஓவல் ஸ்பீக்கரைச் சாப்பாட்டு மேசையில் மல்லாக்கப் போட்டு, வீட்டில் இருந்த பழைய அசெம்பிள் ஆம்ப்ளிஃபயரில் ஒயரைச் சுற்றிப் பாட்டுப் போட்டேன். காரில் முதுகைத் தட்டிக்கொண்டு வந்த அதே ஸ்பீக்கர், பக்கத்து வீட்டு செல்போன் மாதிரி கீச்சென்று கத்தியது. பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி பேருக்குக்கூட இல்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று, நடுவில் புனல் மாதிரி இருந்து அதிரும் கோனை விரலால் அழுத்திப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

காரணம் எளிது. கோன் முன்னால் போகும்போது முன்பக்கக் காற்றைத் தள்ளுகிறது, அதே நேரத்தில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. நடுவில் தடுப்பு இல்லையென்றால் முன்னால் தள்ளிய காற்று ஓரமாகச் சுற்றிப் பின்னால் போய்விடும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். உயர்ந்த ஒலிகளுக்கு இப்படிச் சுற்றிப் போக நேரம் இல்லை, அதனால் கீச்சு மட்டும் மிஞ்சுகிறது. ஊரில் டீக்கடையில் ஒரு மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து உட்கார வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் அது ஏதோ அலங்காரம் என்று நினைத்திருக்கிறேன். பின்பக்கக் காற்றைப் பானை பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் விஷயம். அந்த டீக்கடைக்காரர் படித்துச் செய்தாரா என்று தெரியாது, ஆனால் நான் முதலில் செய்த பெட்டியைவிட அவர் பானை மேல்.

அந்த முதல் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கற்றுக்கொண்டதில் பாதி அதில்தான். மரநாரை அழுத்திச் செய்த 18 எம்எம் எம்டிஎஃப் பலகை வாங்கினேன். 28 சென்டிமீட்டர் உயரம், 22 அகலம், 25 ஆழம். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 15.4 லிட்டர், ஓவலுக்குக் கொஞ்சம் சின்னதுதான், பரவாயில்லை, அலமாரியில் அடங்கும் என்று கணக்குப் போட்டேன். நான் போட்டது வெளி அளவு. பலகையின் கனம் இரண்டு பக்கமும் சேர்ந்து 3.6 சென்டிமீட்டரை ஒவ்வொரு திசையிலும் தின்றுவிடும் என்பது பெட்டியை ஒட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. உள்ளே 24.4, 18.4, 21.4. அதாவது 9.6 லிட்டர். அதிலும் ஸ்பீக்கரின் காந்தமும் கோனைத் தாங்கும் கூடையும் தங்கள் பங்குக்கு இடம் பிடித்துக்கொள்ளும். 15 என்று நினைத்தது கடைசியில் 9-க்கு வந்து நின்றது.

சத்தம் வந்தது, பேஸும் வந்தது, ஆனால் ஒரே பேஸ். எண்பதுகளின் பாட்டு ஒன்றில் பேஸ் கிட்டார் மேலும் கீழும் நடந்து போகிற இடம் இருக்கிறது, அது முழுக்க ஒரே சுரத்தில் டொம் டொம் டொம் என்று கேட்டது. மிருதங்கக் கச்சேரி ஒன்று போட்டேன், வலது பக்கமான வலந்தலை சரியாக இருந்தது, இடது பக்கமான தொப்பி மட்டும் தகர டின்னைத் தட்டுவது போல இருந்தது. சின்னப் பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி. பெட்டி சின்னதாக ஆக ஆக ஸ்பிரிங் இறுகும், கோன் எந்தச் சுரத்தில் தானாக அதிர விரும்புகிறதோ அது மேலே ஏறிவிடும், அந்த இடத்தில் மட்டும் சத்தம் புடைத்துக்கொள்ளும், அதற்குக் கீழே சரசரவென்று இறங்கிவிடும். 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் மூடிய சின்னப் பெட்டியிலிருந்தே ஆழமான பேஸை வரவைத்துக் காட்டினார், உண்மைதான், ஆனால் அதற்கென்றே தொளதொளவென்று ஆடும் கோனைச் செய்துகொண்டுதான் காட்டினார். கார் ஸ்பீக்கர் அந்த ஜாதி இல்லை.

இங்கேதான் எனக்கு முழு விஷயமும் பிடிபட்டது. கார் ஸ்பீக்கரை வாங்கும்போது நாம் பாதி ஸ்பீக்கரைத்தான் வாங்குகிறோம். மீதிப் பாதி கார். பார்சல் டிரேயில் இருந்த ஓவலுக்குக் கீழே இருந்தது டிக்கி, ஸ்விஃப்ட் மாதிரி சின்ன காரிலேயே அது இருநூறு லிட்டருக்கு மேல். கதவில் இருந்த வட்டத்துக்குப் பின்னால் முழுக் கதவின் காலியிடம். போதாததற்கு, மூடிய கேபின் சின்ன அறை என்பதால் தாழ்ந்த ஒலிகளைத் தன் பங்குக்குத் தூக்கிக் கொடுக்கும். வீட்டு ஹாலில் இதெல்லாம் கிடையாது. கார் சும்மா கொடுத்ததை எல்லாம் நாம் மரத்தில் அடித்துக் கொடுக்க வேண்டும்.

எம்டிஎஃப் பெட்டிக்கு வேறொரு முடிவும் வந்தது. தரையில் வைத்திருந்தேன், தினமும் மாப் போடும் ஈரம் அடிப்பலகையில் ஏறி இரண்டே மாதத்தில் பிஸ்கட்டை டீயில் முக்கியது போல் உப்பிவிட்டது. எம்டிஎஃப் வெட்டுவதற்கு வழவழவென்று நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நம் ஊர்த் தரைக்கு பிளைவுட்தான் சரி. எதில் செய்தாலும் அடியில் நாற்காலிக் கால் ரப்பர் புஷ் நாலு வையுங்கள்.

இரண்டாவது தடவை ஓவலுக்கு உள் அளவு 30, 50, 22 என்று எடுத்துக்கொண்டேன். 33 லிட்டர், உள்ளே அடிக்கும் ரீப்பர் கட்டையும் காந்தமும் போக 30-ஐ ஒட்டி நிற்கும். ஆறரை இஞ்சுக்கு 20, 32, 19, அது 12 லிட்டர். மூன்று பக்கமும் ஒரே அளவாக இருக்கும் கனசதுரப் பெட்டி வேண்டாம், எல்லா முட்டல் மோதலும் ஒரே சுரத்தில் வந்து விழும். ஒரு எட்டுக்கு நாலு 18 எம்எம் கமர்ஷியல் பிளை ஷீட்டில் நாலு பெட்டிக்கும் பலகை வந்துவிட்டது, கொஞ்சம் மிச்சமும் ஆனது. வெட்டுவதைக் கடையிலேயே டேபிள் ரம்பத்தில் கொடுத்துவிடுங்கள். கைரம்பத்தில் வெட்டினால் மூலை மட்டம் வைத்துப் பார்க்கும்போதுதான் அழுகை வரும்.

உங்கள் ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் என்று கண்டுபிடிக்க முறையான வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் எழுதித் தொடங்கி, எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்த, ஸ்பீக்கரின் குணத்தை எண்களில் சொல்லும் தீல்-ஸ்மால் அளவுகளை இலவச மென்பொருளில் போட்டால் பெட்டி அளவைச் சொல்லிவிடும். கீச்சு ஒலிக்கான ட்வீட்டரும் நடுவிலேயே சேர்ந்து வரும் கார் கோஆக்ஸியல் ஸ்பீக்கர் பலவற்றுக்குக் கம்பெனிக்காரர்கள் அந்த அளவுகளைத் தருவதில்லை, தந்திருந்தால் கியூடிஎஸ் என்ற எண்ணை மட்டும் பாருங்கள், 0.7-ஐத் தாண்டினால் அது பெரிய இடம் கேட்கும் ஸ்பீக்கர். எதுவுமே தெரியவில்லையா, ஆறரைக்கு 10-லிருந்து 15, ஓவலுக்கு 25-லிருந்து 35, மூடிய பெட்டி. இதில் பெரிய தவறு நடக்க வாய்ப்பில்லை. பிவிசி குழாயைச் சொருகி போர்ட், அதாவது காற்று போய்வர வழி, வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது, மிச்சப் பலகையில் வைத்தும் பார்த்தேன். இந்த வகை ஸ்பீக்கருக்குக் கண்ணை மூடிக்கொண்டு போர்ட் வைத்தால் கடைத்தெருவில் சப்வூஃபரோடு போகும் ஆட்டோதான் வீட்டுக்குள் வரும்.

ஓவல் ஓட்டை வெட்டுவதுதான் வேலையில் கஷ்டமானது. எங்கள் தெரு முனையில் இருக்கும் ஆசாரி அண்ணனிடம் ஜிக்சா என்கிற மின்ரம்பம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். முன்பலகையையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தம்பி, சாமி பொட்டியா?"

"இல்லண்ணே, ஸ்பீக்கர்."

"அப்ப இந்த அட்டைய வச்சு கோடு போடு, ஸ்பீக்கர வச்சுப் போடாத. வெளி ஓரத்தப் போட்டுட்டு உள்ளயே விழுந்துரும்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு. ஸ்பீக்கரின் வெளிவிளிம்பை வரைந்து அந்தக் கோட்டில் வெட்டினால் ஸ்பீக்கர் உட்கார இடமே இருக்காது. பின்னால் இருக்கும் கூடையின் அளவை அட்டையில் வெட்டி, ஸ்பீக்கரில் பொருத்திப் பார்த்து, அரை நூல், அதாவது ஒன்றரை எம்எம், கூடுதலாக விட்டு, அந்த அட்டையை வைத்துப் பலகையில் வரைய வேண்டும். உள்ளே ஜிக்சா பிளேடு நுழைய 10 எம்எம் ஓட்டை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வெட்டுகிற பக்கம் செதில் பெயராமல் இருக்க அண்ணன் கோட்டின் மேல் செலோ டேப் ஒட்டிவிட்டு வெட்டினார். இரண்டு ஓவலும் கால் மணி நேரத்தில் முடிந்தது. காசு வாங்கவில்லை, டீ மட்டும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால், கூடவே ஸ்க்ரூ. ஆணி அடித்தால் அதிர்வில் நாளடைவில் தளர்ந்துவிடும். ஸ்க்ரூ இறங்கும் இடத்தில் முன்பே சின்ன ஓட்டை போடாவிட்டால் பிளைவுட்டின் ஓரம் பிளந்துகொள்ளும். உள் மூலைகள் எல்லாவற்றிலும் ரீப்பர் அடித்தேன், பெரிய பெட்டியில் பக்கப் பலகைகளுக்கு நடுவே குறுக்குக் கட்டை ஒன்றும் கொடுத்தேன். பலகையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், கட்டை கொடுப்பதற்கு முன் தொப் என்றும் பிறகு டக் என்றும் கேட்கும். ஒட்டு காய்ந்ததும் உள்ளே எல்லா இடுக்கிலும் ஃபெவிகாலில் மரத்தூளைக் குழைத்துப் பூசிவிட்டேன். ஒயர் வெளியே வரும் ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்தேன். ஸ்பீக்கர் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபை வெட்டி வளையமாக ஒட்டினேன், கடையில் விற்கும் ஃபோம் கேஸ்கட்டைவிட அது இறுக்கமாகப் பிடிக்கிறது.

காற்று கசிகிறதா என்று பார்க்க எளிய வழி ஊதுபத்தி. தாழ்ந்த சத்தம் ஒன்றைத் தொடர்ந்து ஓடவிட்டு, பத்தியை மூலை மூலையாகக் கொண்டு போங்கள், புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது எங்கே துடிக்கிறதோ அங்கே ஓட்டை. கோன் பக்கம் கொண்டு போகாதீர்கள். இன்னொரு வழி, கோனை இரண்டு பக்கமும் சமமாக விரலால் மெதுவாக அழுத்தி விடுங்கள், பெட்டி இறுக்கமாக இருந்தால் அது சோம்பல் முறித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பும்.

பெட்டிக்குள் பஞ்சு. முதலில் ஒரு பழைய தலையணையைக் கிழித்து இலவம் பஞ்சைப் போட்டேன், அது மூக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வரை எல்லா இடத்திலும் பறந்தது, கொஞ்ச நாளில் அடியில் போய் அமுங்கியும் விட்டது. இப்போது தலையணைக்குள் வைக்கும் பாலியஸ்டர் பஞ்சு. உதறிப் பிரித்து, அமுக்காமல் பாதி பெட்டிக்கு மேல் நிரப்பினால் போதும். அந்த ஒற்றைச் சுர டொம் டொம் இதில் பெருமளவு அடங்கியது.

ஸ்பீக்கரை மாட்டும்போது ஒரு விபத்து. ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி நேராகக் கோனில் போய் இறங்கியது, அரை இஞ்ச் கிழிசல். ஒரு நிமிடம் கண்ணே இருட்டிவிட்டது. டிஷ்யூ பேப்பரில் சின்னத் துண்டு, தண்ணீர் விட்ட ஃபெவிகால், முன்னும் பின்னும் ஒட்டினேன், இன்றுவரை பிரச்சினை இல்லை. அப்புறம் டிரில் மெஷினுக்குப் பதில் கையால்தான் முடுக்குகிறேன், இன்னொரு கை கோனின் மேல் மூடியபடி இருக்கும். இரும்புத் தூள் இருக்கும் மேசையில் ஸ்பீக்கரை வைக்காதீர்கள், காந்தம் இழுத்து காயில் இருக்கும் இடுக்குக்குள் கொண்டு போய்விட்டால் கரகரப்பு ஆயுசுக்கும் போகாது.

இனி மின்சாரம். முதல் ஆம்ப்ளிஃபயரைக் கொன்றது நான்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். அது 8 ஓம் ஸ்பீக்கருக்கான பழைய அசெம்பிள் செட். ஓம் என்பது மின்தடையின் அளவு, அது குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் கூடுதல் மின்னோட்டம் கொடுக்க வேண்டும். கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். ஒரு ஓவலையும் ஒரு வட்டத்தையும் ஒரே முனையில் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினேன், 2 ஓம் ஆகிவிட்டது. அரை மணி நேரம் பிரமாதமாகப் பாடியது, பிறகு கருகிய வாசனை, பிறகு அமைதி. இரண்டு 4 ஓமை வரிசையாக, அதாவது முதலாவதின் மைனஸிலிருந்து இரண்டாவதின் பிளஸுக்கு, இணைத்தால் 8 ஓம் வந்துவிடும், ஆம்ப்ளிஃபயர் பிழைக்கும். மல்டிமீட்டரில் பார்த்தால் 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.6 வரை காட்டும், பயப்பட வேண்டாம், அது சரிதான். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் 400 வாட் மேக்ஸ் எல்லாம் கண்ணுக்கு மட்டும், தொடர்ந்து தாங்கும் அளவு ஆர்எம்எஸ் என்று என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கடைசியில் புத்தி வந்து கார் ஸ்டீரியோவையே எடுத்தேன். 4 ஓமுக்கென்றே செய்தது, நாலு ஸ்பீக்கருக்குத் தனித்தனி வழி இருக்கிறது, எஃப்எம், யுஎஸ்பி, புளூடூத் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒன்று சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். ஸ்டீரியோவின் மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும் சேர்ந்து 12 வோல்ட்டுக்கு, கறுப்பு மைனஸுக்கு. மஞ்சள் காரில் பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது, சிவப்பு சாவி திருப்பினால் வருவது, வீட்டில் சாவி இல்லை என்பதால் இரண்டையும் சேர்த்துவிட வேண்டியதுதான். சுவர் ஸ்விட்சை அணைத்தால் ஸ்டேஷன் நினைவெல்லாம் அழிந்துவிடும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனா சாக்கெட்டின் நடுத் துளையில் முக்கால் மீட்டர் ஒயர் ஒன்றைச் சொருகினால் எஃப்எம் தெளிவாக வரும்.

இரண்டு எச்சரிக்கை. இந்த எஸ்எம்பிஎஸ்ஸின் முனைகளில் 230 வோல்ட் திறந்தபடியே இருக்கும், ஒரு மூடி போட்டுத் தனியாக ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து, எர்த் ஒயரையும் இணைத்துவிடுங்கள், வீட்டில் குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம். அடுத்தது, ஸ்பீக்கர் மைனஸ் ஒயர்களை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒன்றாகச் சேர்த்துக் கறுப்பில் கட்டக் கூடாது. கார் ஸ்டீரியோவில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் சிக்னல் ஓடுகிறது, கிரவுண்டில் கட்டினால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஐசி போய்விடும். ஸ்டீரியோ இல்லாதவர்கள் டிபிஏ3116 என்கிற சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்றும் பழைய 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரும் வைத்துக்கொள்ளலாம், மைனஸ் விஷயம் அதற்கும் அப்படியேதான்.

எல்லாம் மாட்டி முடித்தும் முதல் நாள் பேஸ் காணோம். ஒரு ஸ்பீக்கருக்கு ஒயர் தலைகீழ். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது, நடுவில் பேஸ் செத்துப்போகிறது. பெட்டிக்குள் ஒயர் ஒரே நிறத்தில் இருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், பேட்டரியின் பிளஸ் எந்த முனையில் பட்டால் கோன் வெளியே வருகிறதோ அதுதான் பிளஸ்.

இன்னொன்று, காரில் இனிமையாக இருந்தது வீட்டில் காதைக் கீறும். காரில் ட்வீட்டர் முழங்காலையோ பின் கண்ணாடியையோ பார்த்துக்கொண்டிருந்தது, வீட்டில் நேராக நம் முகத்தைப் பார்க்கிறது, அதனால்தான். பெட்டியைக் காதிலிருந்து கொஞ்சம் திருப்பி வையுங்கள், ஒரு சாண் திருப்பினாலே வித்தியாசம் தெரியும். பேஸ் போதவில்லை என்றால் பெட்டியைச் சுவரை ஒட்டித் தள்ளுங்கள், மூலையில் வைத்தால் இன்னும் கூடும், கூடிப்போய்க் கொழகொழவென்று ஆகிவிட்டால் ஒரு அடி முன்னால் இழுங்கள்.

ஸ்பீக்கர் கையில் இல்லாதவர்கள் பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் பழையது வாங்கலாம், ஆனால் மல்டிமீட்டரோடு போங்கள். ஓவலில் விளிம்பு ஃபோமாக இருந்தால் நகத்தால் லேசாகத் தொடுங்கள், பொடியாக வந்தால் வேண்டாம், ரப்பர் விளிம்பு நம் ஊர்ப் புழுக்கத்தில் அதிக நாள் தாங்கும். கோனை இரு கட்டைவிரலால் சமமாக அழுத்தும்போது உள்ளே உரசும் சத்தம் கேட்டால் அதையும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இப்போது மிருதங்கத்தின் தொப்பி தொப்பியாகக் கேட்கிறது, பேஸ் கிட்டார் நடக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட சுரம் வரும்போது மட்டும் எங்கோ கிர்ர் என்று ஒரு சத்தம். ஒட்டு விட்டுவிட்டது என்று நினைத்து வலது பெட்டியைத் திறந்து, பஞ்சையெல்லாம் வெளியே எடுத்து, திரும்பப் பூசி, மூடினேன். போகவில்லை. இடது பெட்டியையும் திறந்தேன். இரண்டு ஞாயிறு போயிற்று. மூன்றாவது வாரம் அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டு, "ஏண்டா, நீ பாட்டுப் போட்டா இந்தத் தட்டு ஸ்டாண்டு ஆடுதே" என்றார். போய்க் கையை வைத்தேன், கிர்ர் நின்றது. தட்டுகளுக்கு நடுவே ஒரு பழைய துண்டை மடித்துச் சொருகியிருக்கிறோம்.